ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு நையாண்டி மேளமா, பறையா?

நையாண்டி மேளம் தனியாக வராது. நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம், கூடவே கரகாட்டக்காரர்கள் என்று பெரிய செட்டாகத்தான் வரும். கரகம் தலையில் அசையாமல் நிற்க, ஆடுபவரின் காலைப் பார்த்தே தவில்காரர் அடியை மாற்றுவார். விடிய விடிய உட்கார்ந்து பார்க்க இதுதான் சரி. செலவு கூடும், மேடையும் வெளிச்சமும் வேண்டும்.

பறைக்கு மேடையே வேண்டாம். அடிப்பவரே ஆடுவார். வாசிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவதை அருகில் நின்று பாருங்கள்: விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள், மந்தமான ஒலி கொஞ்சம் கொஞ்சமாக 'கணீர்' என்று ஏறும். பனியில் தோல் தளர்ந்தால் மறுபடி தீ. ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. இரண்டும் சேர்ந்து விழும்போது நம் கால் தானாகத் தரையைத் தட்டும்.

சாமி ஊர்வலத்துக்கு நான் பறையைத்தான் சொல்வேன். சாவுக்கு மட்டும் அழைத்துவிட்டுத் திருவிழாவில் ஒதுக்குவது பெரிய அநியாயம். யாரை அழைத்தாலும் பேசிய கூலியை அன்றிரவே கொடுங்கள், நம்மோடு ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள்.