கொய்யா மரமா, ரப்பர் தரையா?

என் ஆறு வயது மகனுக்கு விளையாட மூன்று இடங்கள் உண்டு. மாலில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் ப்ளே ஏரியா, எங்கள் அபார்ட்மென்ட்டின் ரப்பர் தரைப் பூங்கா, விடுமுறைக்குப் போனால் மாமியார் வீட்டுக் கொய்யா மரம். மூன்றிலும் விழுந்திருக்கிறான்.

நார்வே ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர் 2007-ல் துணிச்சலான விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், தீ தண்ணீர் போன்றவற்றின் பக்கத்தில் ஆடுவது, மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிவது. இதை வைத்துப் பார்த்தால் மாலில் வேகம் கிடைக்கும், உயரம் கொஞ்சம் கிடைக்கும். மற்றதெல்லாம் விதிப்பலகையில் தடை. சரி, பத்திரமாவது மிச்சமா என்றால் அதுவும் சந்தேகம்தான். ஒரே ட்ராம்பொலினில் பெரிய பையனும் சின்னவனும் சேர்ந்து குதித்தால், பெரியவன் மிதிக்கிற மிதியில் சின்னவன்தான் எகிறிப் போய் விழுவான். குதிப்பதானால் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை மட்டும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். மழை நாளுக்கு ஆகும், அவ்வளவே.

அபார்ட்மென்ட் பூங்கா வீட்டு வாசலிலேயே இருக்கிறது, செலவில்லை. ஆனால் கோடையில் அந்த ரப்பர் தரை நாலு மணிக்கும் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். சறுக்குமரத்தில் இன்னொரு விஷயம். பயந்து பிள்ளையை மடியில் வைத்துச் சறுக்குகிறோம் இல்லையா, அப்போதுதான் கால் எலும்பு முறிகிறது. பிள்ளையின் கால் ஓரத்தில் மாட்டிக்கொள்ள, நம் எடை அதைத் திருகிவிடும். தனியாகச் சறுக்கினால் மாட்டிய இடத்திலேயே நின்றிருப்பான். அப்புறம் சலிப்பு. ஒரே மாதத்தில் என் மகன் சறுக்குமரத்தின் கூரைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். வாட்ச்மேன் விசில் அடித்தார், நான் கத்தினேன்.

கொய்யா மரம் அப்படிச் சலிக்காது. முதல் கவட்டை தாழ்வாக இருக்கிறது, கிளை ஒடியாமல் வளைந்து கொடுக்கிறது, பட்டை வழுவழு என்பதால் காலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். எல்லா மரமும் கொய்யா ஆகாது. முருங்கை சடாரென்று முறியும், மாமரத்தில் முசுறு எறும்பு இருக்கும். முதல் நாள் நான் அவனைக் கவட்டையில் தூக்கி வைக்கப் போனேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டார். "நீ ஏத்திவிட்டா அவனுக்கு எறங்கத் தெரியாதும்மா. தானா ஏறுனா எறங்கிருவான்." நான் "பாத்து, பாத்து" என்று பதறிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டதெல்லாம், "அடுத்த காலை எங்கடா வெப்பே?" என்பது மட்டும்தான். அவன் நின்று யோசித்தான். மூன்றாம் நாள் முழங்கை சிராய்த்தது, தேங்காய் எண்ணெயோடு போயிற்று.

ஆனால் அதே வீட்டில் மூடியில்லாத கிணறு இருக்கிறது. கனடா குழந்தை மருத்துவச் சங்கம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை இங்கேதான் உதவுகிறது. பிள்ளையே கண்ணால் கண்டு எடைபோடக்கூடிய துணிகரம் வேறு, அவனால் கணிக்க முடியாத ஆபத்து வேறு என்கிறது அது. கிளையின் உயரம் அவனுக்குத் தெரியும். பாசி பிடித்த கிணற்றுமேடையும் இற்றுப்போன சம்ப் மூடியும் தெரியாது. முதலாவதை அவனிடம் விடலாம், இரண்டாவது நம் வேலை.

இதையெல்லாம் படிக்கும்போது கண்ணில் பட்ட நாலாவது வழி ஒன்று உண்டு, நம் பக்கம் கிடைக்காதது. 1943-ல் ஜெர்மானியர் பிடியில் இருந்த கோபன்ஹேகனில், எம்ட்ரப் என்ற இடத்தில் பலகை, செங்கல், மண்வெட்டி என்று பழைய சாமான்களைக் கொடுத்துப் பிள்ளைகளையே கட்டிக்கொள்ள விட்டார்கள். கூட இருக்க ஒரு பெரியவர், அவ்வளவுதான். 1946-ல் அதைப் பார்த்த பிரிட்டிஷ் தோட்ட வடிவமைப்பாளர் மார்ஜரி ஆலன் அந்த யோசனையைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். ரப்பர் தரைக்கு வாரி இறைக்கும் நம் அசோசியேஷன்கள் அப்படி ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்குமா? கேட்டுப் பார்த்தேன், சிரித்தார்கள்.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் சாயங்காலப் பூங்காவே போதும். ஐந்தைத் தாண்டிய பிள்ளைக்கு என் ஓட்டு மரத்துக்குத்தான். அடுத்த விடுமுறைக்குள் கிணற்றுக்குக் கம்பி வலை போட ஆள் சொல்லியாயிற்று. மரத்தில் ஒரு கிளையையும் வெட்டவில்லை.