பிங்க் இட்லிப்பூ: டெல்டா களிமண்ணில் வளர்த்துப் பார்த்த அனுபவம்

வாசலில் உருண்டை உருண்டையாக, பிங்க் நிறத்தில் கொத்தாகப் பூக்கிற புதர்ச்செடி வேண்டும் என்று தேட ஆரம்பித்தால் போனில் வந்து விழுவதெல்லாம் ஹைட்ரேஞ்சியா படங்கள்தான். எனக்கும் அந்த ஆசை அப்படித்தான் வந்தது. அதிலும் ஓஹையோவில் இருக்கும் என் தங்கை வீட்டு வாசலில் அதுவே புதராக நிற்கிறது. வீடியோ காலில் வருஷா வருஷம் ஜூன், ஜூலையில் அதைத்தான் முதலில் காட்டுவாள்.

அவளிடம் இருப்பது ஸ்மூத் ஹைட்ரேஞ்சியா என்கிற இனம். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் தானாக வளர்வது, இயற்கையில் வெள்ளைப் பூ. இல்லினாய் மாநிலத்தின் அன்னா ஊர்ப்பக்கம் கிடைத்த அன்னபெல் என்ற வெள்ளை ரகம்தான் பல காலம் பிரபலம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாம் ரானி உருவாக்கிய இன்வின்சிபெல் ஸ்பிரிட், 2010 வாக்கில் நர்சரிகளுக்கு வந்தபோதுதான் இந்த இனத்தில் உருண்டைத் தலையோடு பிங்க் பூ கிடைத்தது. தங்கைக்கு அதில் ஒரு குறை உண்டு. தண்டு மெலிசு, மழை பெய்தால் பூவோடு தரையில் படுத்துவிடும். தண்டு பலமான இரண்டாம் பதிப்பு வந்த பிறகு அதையும் வாங்கி வைத்திருக்கிறாள். "எனக்கும் ஒரு குச்சி கொண்டு வாயேன்" என்று கேட்டேன். "அக்கா, இது பனியில மொட்டையா கிடந்து எந்திரிக்கிற செடி. உங்க ஊர்ல அதுக்குத் தூக்கமே வராது" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். குளிரில் இலை உதிர்த்துச் சில மாதம் உறங்கினால்தான் அந்தச் செடி மறு வருஷம் தெம்பாகத் துளிர்க்கும். எங்கள் குடவாசல் பக்கம் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதில் எங்கே உறங்குவது? ஊட்டி, கொடைக்கானலில் நீலமாகப் பார்க்கிறோமே, அது வேறு இனம். அதன் நிறம் மண்ணைப் பொறுத்தது: புளிப்பு மண்ணில் நீலம், கார மண்ணில் பிங்க். தங்கை வீட்டு இனத்துக்கு அந்த வித்தை கிடையாது. எந்த மண்ணில் வைத்தாலும் அதே பிங்க்தான். நம் மண் காரம்தானே, ஊட்டிச் செடியைக் கொண்டுவந்தால் பிங்காகவே பூக்குமே என்று எங்கள் தெருவில் ஒருவர் கணக்குப் போட்டு வாங்கி வந்தார். கணக்கில் பிழையில்லை. ஆனால் மொட்டுக் கட்டுவதற்கே அதற்குக் குளிர்ந்த வாரங்கள் வேண்டும். இலையாகவே நின்று, பங்குனி வெயிலில் போய்விட்டது.

அதனால் நான் போனது இட்லிப்பூவுக்கு. சிவப்பு இட்லிப்பூ தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தச் செடி. முருகனுக்கு உகந்த வெட்சி, ஆநிரை கவரப் போன மறவர்கள் சூடிய வெட்சி, பூக்கடையில் விருட்சி எல்லாம் இதுதான். கொல்லையில் மாமியார் வைத்த சிவப்பு ஒன்று என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நிற்கிறது. பிங்க் மட்டும் கடையில்தான் வாங்க வேண்டும்.

நர்சரிகளில் பிங்க் என்று கேட்டால் இரண்டு மாதிரி எடுத்து வைப்பார்கள். ஒன்று சின்ன இலை, முழங்கால் உயரத்தைத் தாண்டாத குட்டை ரகம். இன்னொன்று அகல இலை, ஆள் உயரம் போகக்கூடியது, பூத்தலை உள்ளங்கை அளவு. பிறநாட்டுத் தோட்டங்களில் நோரா கிராண்ட் என்ற பேரில் பிரபலமான பிங்க் இந்த இரண்டாவது சாயல்தான். நம் கடைகளில் பேரெல்லாம் எதிர்பார்க்க முடியாது. "பேருல்லாம் கிடையாதுக்கா, பெரிய பிங்க், சின்ன பிங்க், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். இரண்டையும் வாங்கினேன். ஹைட்ரேஞ்சியா ஆசையில் வருகிறவர்கள் பெரிய பிங்க்கை எடுங்கள். சின்னது அடர்த்தியாகப் பூக்கும், பாதை ஓரத்துக்கு அழகு. ஆனால் அந்த உருண்டைத் தலை அதில் வராது.

வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், கொழுந்தைப் பாருங்கள். மேல் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அந்தச் செடி வேண்டாம். ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வரும் செடிகளில் வேர் களிமண் உருண்டைக்குள் இருக்கும். அப்படியே புதைத்தால் நம் களிமண்ணுக்குள் இன்னொரு களிமண் கட்டி. வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பாதி மண்ணையாவது கரைத்துவிட்டு நடுவது நல்லது.

இனி தண்ணீர் விஷயம். டெல்டாவில் இந்தச் செடியின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது. இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் பிடிக்கும். எங்கள் பக்கம் வண்டல் களி, போர்த் தண்ணீரோ உப்புக் கடுப்பு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற ரகம். அந்தத் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண்ணில் காரம் ஏறுகிறது. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடிவதில்லை. புது இலை எலுமிச்சை மஞ்சளாகி, பிறகு வெளுத்து, ஓரம் கருகும். ஜூன் 12 அல்லது அதை ஒட்டி மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், அதை மொண்டு ஊற்றும் மாதங்களில் செடி தானாகத் தேறுகிறது. ஐப்பசி மழையில் இலை கரும்பச்சை. தை முடிந்து ஆறு நின்று போர் மட்டுமே கதி என்றானதும் மறுபடி மஞ்சள். எல்லா வருஷமும் இதே சுற்றுதான். மாமியாரின் பழைய சிவப்பு மட்டும் அதே போர்த் தண்ணீரில் அசையாமல் நிற்கிறது. வேர் ஆழம் போயிருக்க வேண்டும்.

இதற்கு நிரந்தர வைத்தியம் எனக்குத் தெரிந்து மண்ணை மாற்றுவதுதான். வாசல் பக்கம் நட்ட பெரிய பிங்க்குக்கு ஒன்றரை அடி மேட்டுப் பாத்தி கட்டி, தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கத்துச் செம்மண், மக்கிய சாணி எரு, இலை மக்கு மூன்றையும் கலந்து போட்டேன். களிமண் தரையிலேயே வைத்த இன்னொன்றோடு ஒப்பிட்டால் அக்கா தங்கை என்று யாரும் நம்ப மாட்டார்கள். மேட்டுப் பாத்தியின் இன்னொரு லாபம் கார்த்திகை மழையில் தெரியும். வாசலில் தண்ணீர் கட்டி நின்றாலும் வேர் மூழ்காது. ஒரு எச்சரிக்கை: சிமெண்ட் பூசிய சுவர் ஓரத்தில் நடாதீர்கள், கட்டட வேலை மிச்சச் சுண்ணாம்பும் சிமெண்டும் அந்த மண்ணில் இருக்கும்.

கோடைக்குக் கைவைத்தியம் அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, மாலையில் இலைமேல் தெளிப்பேன். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை தெளித்தால் கொழுந்து பச்சை பிடிக்கும். மண்ணில் கொட்டினால் நம் கார மண்ணில் சீக்கிரமே வீணாகிவிடும். உரக்கடையில் கீலேட் இரும்பு (மண்ணில் வீணாகாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு) என்று கொடுப்பதிலும் வகை இருக்கிறது. இடிடிஏ என்று போட்டிருப்பது கார மண்ணில் நிலைக்காது, இலையில் தெளிக்கத்தான் ஆகும். மண்ணில் போடுவதென்றால் இடிடிஹெச்ஏ என்று கேட்டு வாங்க வேண்டும், விலை கூடுதல். புளித்த மோர் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றினேன், எறும்பு வந்தது, பச்சை வரவில்லை.

எறும்பு என்றதும் மாவுப்பூச்சி. பூங்கொத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும், எறும்புதான் அதற்குக் காவல். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு தெளித்தால் போதும். இதைவிடப் பெரிய பூச்சித் தொல்லை எனக்கு வந்ததில்லை.

பூவைப் பற்றி. ஆடியிலிருந்து மழை வலுக்கும் வரை ஒரு சுற்று, தைக்குப் பிறகு பெரிய சுற்று. ஒரு தலை பல வாரம் நிற்கிறது, மழையில் தலை சாய்வதில்லை. இந்த ஒன்றில் தங்கையின் செடியை ஜெயித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லிக் காட்டுவதுண்டு. நிறம்தான் குறை. மதியம் வரை வெயில், பிறகு நிழல் என்ற இடத்தில் நல்ல ரோஸ். நாள் முழுக்கச் சித்திரை வெயில் பட்டால் வெளிறிப்போகிறது. கத்தரிப்பதிலும் கவனம் வேண்டும். பூ வருவது கிளை நுனியில். வேலி போல அடிக்கடி மேலாக வெட்டிச் சமன் செய்தால் மொட்டையும் சேர்த்து வெட்டுகிறோம். வாடிய தலையை இரண்டு இலைக்கணு கீழே வரை நறுக்கினால் அங்கிருந்து இரண்டு கிளை வரும். பெரிய வெட்டு வருஷத்துக்கு ஒன்று, ஆனியில், ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகு.

மாமியாருக்கு இந்தச் செடிமேல் பெரிய மதிப்பில்லை. "சாமிக்கும் ஆகல, மாலைக்கும் ஆகல" என்பார். பூக்கட்டுகிற அம்மாவும் சிவப்பைத்தான் கேட்டு வாங்கிப் போவார், பிங்க்கை ஏறிட்டும் பார்க்க மாட்டார். பிள்ளைகளுக்கு நிற பேதம் கிடையாது. நடு நரம்பை உருவித் தேன் உறிஞ்ச இரண்டும் ஒன்றுதான். தேன்சிட்டுக்கும் அப்படியே.

ஆற்றுத் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ கிடைக்காது, மண் மாற்றவும் வசதியில்லை என்றால் பிங்க்கை விட்டுவிட்டு நாட்டுச் சிவப்பே வையுங்கள். மற்றவர்கள் கடைக்குப் போகுமுன் தெருவில் யார் வீட்டிலாவது பெரிய பிங்க் நிற்கிறதா என்று பாருங்கள். நம் தண்ணீரில் தேறிய செடியின் குச்சி லாரியில் வந்த செடியைவிட நன்றாக ஒட்டிக்கொள்கிறது. தங்கையின் ரகம் காப்புரிமை பெற்றது, அதைப் பதியம் போட்டுப் பெருக்க அங்கே அனுமதி இல்லை. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஐப்பசியில், முற்றியும் முற்றாத கிளையில் ஐந்து அங்குலம் நறுக்கி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, ஆற்று மணலில் குத்தி நிழலில் வையுங்கள். மணல் காயக் கூடாது. மார்கழிக்குள் வேர் பிடித்துவிடும். மேட்டுப் பாத்தி தயாராக இருந்தால் தையில் இறக்கலாம், இல்லையென்றால் தொட்டியிலேயே வைத்திருந்து அடுத்த ஆடியில் நடலாம்.