இடது கால் பிள்ளைகளுக்கு அல்சூர் பக்கம் ஒரு கால்பந்து வகுப்பு

உங்கள் வீட்டில் இடது காலால் உதைக்கும் பிள்ளை இருந்தால், பெங்களூரு அல்சூர் கௌதமபுரத்தை ஒட்டி சனி, ஞாயிறு காலையில் நடக்கும் இந்த வகுப்பில் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. பெலே சிலைப் பக்கம் வந்து யாரிடம் கேட்டாலும் தமிழிலேயே வழி சொல்வார்கள்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. முன்பு போன வகுப்பில் அவளை இடது ஓரத்தில் நிறுத்தி, கடைசிக் கோடு வரை ஓடி கிராஸ் போடச் சொல்வதோடு, அதாவது கோலுக்கு முன்னால் பந்தை அனுப்பச் சொல்வதோடு சரி. இங்கே மாஸ்டர் அவள் இரண்டு பந்து உதைப்பதைப் பார்த்துவிட்டு வலது ஓரத்துக்கு மாற்றினார். "இடது கால்காரியை எதுக்கு மாஸ்டர் அந்தப் பக்கம் போடறீங்க?" என்று கேட்டேன். "அக்கா, ராபன் ஆடிப் பார்த்திருக்கீங்களா?" என்று போனை எடுத்து வீடியோ காட்டினார். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குள் ஆர்யன் ராபன் வந்தார்.

நெதர்லாந்தின் வடக்கே பெடும் என்ற சின்ன ஊரில் 1984இல் பிறந்த கால்பந்து வீரர் ராபன். சிறு வயதிலேயே கூர்வர் முறையில் பழகியவர். வீல் கூர்வர் என்ற டச்சுப் பயிற்சியாளர், பெரிய ஆட்டக்காரர்களின் நுணுக்கங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, பந்தோடு திரும்பத் திரும்பப் பழக்கும் வழியை உருவாக்கினார். மாஸ்டரின் வகுப்பும் அப்படித்தான். வித்தைகளை வரிசையாக அடுக்குவதில்லை. விங்கராக, அதாவது ஓரத்தில் தாக்கி ஆட வரும் பிள்ளைக்கு ஒரே ஒரு அசைவு, அது உடம்பில் ஊறும் வரை.

அந்த அசைவு இதுதான். வலது ஓரத்தில் பந்தை வாங்கி, இடது காலால் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே வேகமாக ஓட வேண்டும். எதிரணியில் அந்த ஓரத்தைக் காக்கும் ஃபுல்பேக் எடையை ஒரு காலுக்கு மாற்றும் நொடியில் மைதானத்தின் நடுவை நோக்கி உள்பக்கம் வெட்டி, கோலின் தூரத்து போஸ்ட்டை நோக்கி வளைத்து அடிக்க வேண்டும். 2009 முதல் 2019 வரை ஜெர்மன் கிளப் பேயர்ன் மியூனிக்குக்காக 309 ஆட்டங்களில் 144 கோல் அடித்த ராபனின் அடையாளமே இது. உள்ளேதான் வெட்டுவார் என்று உலகத்துக்கே தெரியும். எப்போது வெட்டுவார் என்பதுதான் தெரியாது. பந்து காலடியை விட்டு விலகாததால் எந்தத் தட்டிலும் அவரால் திரும்ப முடியும். முழு வேகத்தில் அதைச் செய்தார் என்பதுதான் விஷயம்.

எனக்கு மிகவும் பிடித்தது, பின்னால் ஆடும் பையனுக்கு மாஸ்டர் சொல்லிக் கொடுப்பது. ராபனுக்கு வெளிப்பக்கமாக, அதே அணியின் ஃபுல்பேக் பிலிப் லாம் ஓடி ஒரு ஆளை இழுத்துப் போனதால்தான் உள்ளே வழி திறந்தது என்பார். "பந்து உனக்கு வராதுடா. ஆனா நீ ஓடலைன்னா அவளுக்கு வழி கிடையாது." பந்து கிடைக்காத ஓட்டத்துக்கும் ஒரு பிள்ளையைப் பெருமைப்பட வைக்கிறார். அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு.

ஒரு ஆட்டத்தில் என் மகள் பெனால்டியைத் தவறவிட்டு அழுதாள். மாஸ்டர் அவளை உட்கார வைத்து வரிசையாகக் காட்டினார்: 2010 உலகக் கோப்பை இறுதியில் தனியாகப் போன ராபனின் பந்தை ஸ்பெயின் கீப்பர் கசியாஸ் காலால் தடுத்தது, 2012 சாம்பியன்ஸ் லீக் இறுதியில், மியூனிக்கிலேயே, கூடுதல் நேரத்தில் ராபன் அடித்த பெனால்டியை செல்சி கீப்பர் செக் பிடித்தது, அப்புறம் 2013இல் அதே கோப்பையின் இறுதி, லண்டன் வெம்ப்ளி, 89ஆவது நிமிடம், டார்ட்மண்டுக்கு எதிரான வெற்றி கோல். அது வளைத்து அடித்த கோல்கூட இல்லை. சக ஆட்டக்காரர் ரிபெரி குதிகாலால் தொட்டுவிட்ட பந்தோடு நடுவே புகுந்து, கீப்பர் ஒரு பக்கம் சாய, மறுபக்கம் மெதுவாக உருட்டிவிட்டார். அதைப் பார்த்ததும் அவள் எழுந்து பந்தை எடுக்கப் போய்விட்டாள்.

வார்ம்-அப்பில் மாஸ்டர் கறார். தாமதமாக வந்தாலும் அதை முடிக்காமல் பந்தைத் தொட விடமாட்டார். அதற்கும் காரணம் ராபன்தான். தசைக் காயங்கள் அவரைக் கடைசி வரை விடவில்லை. 2020இல் தன் முதல் கிளப்பான குரோனிங்கனுக்குத் திரும்பி வந்து ஆடிய முதல் லீக் ஆட்டத்திலேயே முதல் பாதியில் வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். அதே மனிதர் பிறகு ரோட்டர்டாம் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார் என்றால், உடம்பை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று யோசியுங்கள்.

குறைகளும் உண்டு. தரை கட்டாந்தரை, ஓரங்களில் சரளைக்கல். முழங்கால் சிராய்ப்பு நிச்சயம். பெண் பிள்ளைகள் உடை மாற்ற இடம் இல்லை, கழிப்பறையும் கிடையாது. இது சின்ன விஷயம் இல்லை. இதனால் இரண்டு பெண்கள் நின்றே போனார்கள். பெற்றோர் சேர்ந்து கேட்டிருக்கிறோம், பக்கத்தில் ஒரு அறை பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். கோல்கீப்பர் ஆக ஆசைப்படும் பிள்ளைக்கு இங்கே தனிப் பயிற்சி இல்லை.

மாதம் 1,500 ரூபாய், இரண்டாவது பிள்ளைக்குப் பாதி. ஸ்டட் ஷூவும் ஷின் கார்டும் நாம்தான் வாங்கித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், மாஸ்டரால் ஒவ்வொருவரையும் பார்க்க முடிவதில்லை. முதல் முறை போகிறவர்கள் சனிக்கிழமை ஆறரைக்கே போய்விடுங்கள்.