நிப், கூக், ஒரு பால் கதவு

கனடாவின் வின்னிபெக் நகருக்கு வந்த முதல் மாதம், பசியோடு ஒரு சாப்பாட்டுக்கடையில் போய் உட்கார்ந்தேன். பட்டியலில் பர்கர் இருக்கவேண்டிய இடத்தில் 'நிப்' என்று போட்டிருந்தது. மீனா, இறைச்சியா, இனிப்பா, ஒன்றும் விளங்கவில்லை. பரிமாற வந்த பெண்ணிடம் கேட்கவும் வெட்கம். முட்டையும் பாணும் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கடை சாலிஸ்பரி ஹவுஸ். அதையும், 1950களில் இந்த ஊர் இருந்த இருப்பின் மிச்சமாக நிற்கிற வேறு சில கடைகளையும் பற்றித்தான் எழுதப்போகிறேன். புதிதாக வருகிற நம்மவர்கள் மாலுக்கும் வால்மார்ட்டுக்கும் போய் வருவதோடு நின்றுவிடுகிறார்கள். பழைய கடைகளுக்குப் போகாததற்குக் காரணம் விலையோ தூரமோ இல்லை. அங்கே போய் என்ன கேட்பதென்று தெரியாது, அவ்வளவுதான்.

எனக்குச் சொல்லித்தந்தது பக்கத்து வீட்டு ஆச்சி. உக்ரேனிய ஆச்சி. வயது 86. வடக்குப் பக்கத்தில், நோர்த் எண்டில், செல்கர்க் அவென்யூவுக்குக் கிட்டப் பிறந்து வளர்ந்தவர். நான் முட்டை சாப்பிட்டு வந்த கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த சனிக்கிழமை கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போய், தானே சொன்னார்: "இரண்டு நிப், இரண்டு கோப்பி." பட்டியலைத் திறக்கவே இல்லை.

நிப் என்றால் பர்கர்தான். ஆனால் வாய் கிழியத் திறக்கவைக்கிற இந்தக் காலத்து மாடிக்கட்டடப் பர்கர் இல்லை. மெல்லிய மாட்டிறைச்சி வட்டம், அதற்கு மேல் தட்டில் நன்றாக வதங்கிப் பழுப்பாகிய வெங்காயம், மிருதுவான பணிஸ். கடித்தால் முதலில் வருவது வெங்காயத்தின் இனிப்பு. இறைச்சி பிறகுதான். ஆச்சி கடுகுக் களியை ஒரு கோடு மட்டும் இழுத்துக்கொண்டார். நான் உறைப்புக்கு மிளகாய்ச் சோஸ் கேட்டேன். ஆச்சி என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். வெங்காய வாசம் குளிர்ச்சட்டையில் ஏறி அடுத்த நாள் வரைக்கும் கூடவே வந்தது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எங்கள் குசினியும் அப்படித்தான் மணக்கும்.

ரால்ஃப் எர்வின் என்ற ஊர்சுற்றி நாடக நடிகர் 1931இல் தொடங்கிய கடை இது. பொருளாதார மந்தத்தின் நடுவில், காசில்லாத சனத்துக்கு மலிவாக வயிறு நிரப்பவேண்டும். அரைத்த மாட்டிறைச்சியில் செய்கிற சாலிஸ்பரி ஸ்டேக்கிலிருந்து கிள்ளி எடுத்த துண்டு என்ற கணக்கில் அவர் வைத்த பெயர்தான் நிப் என்பார்கள். இந்த ஊர்க்காரர் கடையை 'சால்ஸ்' என்பார்கள். சிவப்புக் கூரையைக் கண்டால் அதுதான். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் போகலாம், முட்டைச் சாப்பாடு இருக்கிறது. நானே சாட்சி.

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒன்று சொல்லவேண்டும். மால் ஒன்றுக்குள், பெயர் வேண்டாம், '50களின் உணவகம்' என்று ஒரு கடை இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கல் பதித்த தரை, சிவப்பு உருளைக் கதிரைகள், காசு போட்டால் பாடாத பாட்டுப் பெட்டி. உருளைக்கிழங்குப் பொரியல் ஆறிப்போய் வந்தது. மாற்றித் தரக் கேட்டதற்கு அதையே சூடாக்கிக்கொண்டு வந்தார்கள். ஆச்சி சுற்றிவர ஒருதரம் பார்த்துவிட்டு, "என் இளமைக்காலத்தில் இவ்வளவு நிறம் இருக்கவில்லை" என்றார். அவருக்கு நினைவிருப்பது பழுப்பும் சாம்பலும்தான். நிலக்கரிப் புகையும், உருகுகிற பனியின் சேறும், கம்பளிக் கோட்டுகளும்.

ஆச்சி 1956இல் பதினேழு வயதில் ஈட்டன்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். தபால் விற்பனைப் பிரிவு. போர்டேஜ் அவென்யூவில் 1905இல் திறந்த பெரிய செங்கல் கடை அது. சமவெளி முழுவதும், அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில்கூட இல்லாத பண்ணைகளிலிருந்து, சனம் ஈட்டன்ஸ் பட்டியல் புத்தகத்தைப் பார்த்துக் கடிதம் எழுதும். உள்ளாடை, உழவுச் சாமான், கல்யாண மோதிரம், எல்லாம் அதில் வரும். "பொருள் திருப்தி, இல்லையேல் காசு வாபஸ்" என்பதுதான் அந்தக் கடையின் வேதவாக்கு. ஒருமுறை இரண்டு வருடம் போட்டுத் தேய்ந்த சப்பாத்து திரும்பி வந்ததாம். மேற்பார்வையாளர் அதை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "காசைக் கொடு" என்றாராம். பழைய பட்டியல் புத்தகத்தைப் பொடியன்கள் காலில் கட்டிக்கொண்டு ஹொக்கி விளையாடுவார்கள். அடி படாதாம்.

பட்டியல் 1976இல் நின்றது. கடை 1999இல் மூடியது. கட்டடத்தை இடித்துவிட்டு ஹொக்கி அரங்கம் கட்டிவிட்டார்கள். தபால் பிரிவு இருந்த கட்டடம் மட்டும் சிட்டிபிளேஸ் என்ற பெயரில் பக்கத்தில் நிற்கிறது. கடையை நிறுவிய டிமத்தி ஈட்டனின் வெண்கலச் சிலை இப்போது அந்த அரங்கத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சப்பாத்தின் முனையைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று சனம் தடவித் தடவி, அந்த இடம் மட்டும் பொன்போலப் பளபளக்கிறது. ஆச்சியும் தடவினார். பிள்ளையார் வயிற்றைத் தடவுவதுபோல இருந்தது எனக்கு. ஹட்சன்ஸ் பே என்ற இன்னொரு பெரிய கடையும் 2020இல் மூடிவிட்டது. அதன் ஆறாம் மாடியில் 1954இல் திறந்த 'பாடில்வீல்' உணவகத்தில்தான் ஆச்சி முதல் சம்பளத்தில் தாய்க்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாராம். அது 2013இலேயே போய்விட்டது. போன கடைகளை மதிப்பிட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இன்னும் இருப்பதற்கு வருவோம். போர்டேஜ் அவென்யூவிலேயே மேற்கே போனால் ரே அண்ட் ஜெரிஸ் ஸ்டேக் கடை. 1957இல் கட்டிய இடம். சிவப்புக் கதிரை, இருண்ட மரச்சுவர், மெல்லிய வெளிச்சம். வின்னிபெக் இருக்கிற மனிடோபா மாகாணத்தில் அதற்குக் கொஞ்சம் முன்புவரை பெண்கள் மதுச்சாலைக்குள் கால் வைக்க முடியாது. ஆண்கள் மட்டும் வரிசையாக உட்கார்ந்து பியர் குடிக்கும் கூடங்கள்தான். 50களின் நடுவில் சட்டம் தளர்ந்த பிறகுதான் ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து, சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடிக்கிற வழக்கம் வந்தது. அந்தக் கதிரையில் சாய்ந்தால் இது விளங்கும். இரகசியமாகச் சந்தோஷப்படுவதற்கென்றே செய்த கதிரை. காசுள்ள நாளில் போங்கள்.

என் மனசுக்குப் பிடித்தது பிரிட்ஜ் டிரைவ் இன். எல்லாரும் பி.டி.ஐ. என்பார்கள். ஜூபிலி அவென்யூ முடிகிற இடம், ரெட் ஆற்றங்கரை. இதுவும் 1957. ஐஸ்கிரீம் கடைதான், ஆனால் உள்ளே உட்கார இடம் கிடையாது. யன்னலில் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற எல்ம் பார்க் பாலத்தில் நடந்துகொண்டே சாப்பிடவேண்டும். பழைய இரும்புப் பாலம். கார் விடுவதில்லை, நடக்கிற சனத்துக்கு மட்டும்.

இங்கேயும் ஒரு சொல் தெரிந்திருக்கவேண்டும். 'கூக்'. பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம். கீழே புளூபெரி மில்க் ஷேக், அதற்கு மேல் ஐஸ்கிரீம், அதில் ஊற்றிய சூடான சொக்லேட், வாழைப்பழம், கடலை, கிரீம். முதலில் கரண்டியால் மேலே உள்ளதைச் சாப்பிடவேண்டும். உறிஞ்சுகுழாயை அவசரப்பட்டுக் குத்தினால் சொக்லேட் அடைத்துக்கொள்ளும். நான் குத்தினேன். பாதிப் பாலம் போகும்போது சொக்லேட் குளிர்ந்து இறுகி, ஐஸ்கிரீம் இளகி, எல்லாம் நாவற்பழம் சாப்பிட்ட நாக்கின் நிறத்துக்கு வந்துவிடும். அதுதான் சரியான கட்டம் என்பது என் கருத்து. ஒருவருக்கு ஒன்று அதிகம். இரண்டு பேருக்கு ஒன்று வாங்கி, இரண்டு கரண்டி கேளுங்கள்.

குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள். பனி முழுக்க உருகும் முன்பே வசந்தத்தில் திறந்துவிடுவார்கள். திறக்கிற நாளில் தடித்த குளிர்ச்சட்டையோடு சனம் வரிசையில் நிற்கும். மூக்கு சிவந்து, கை விறைத்து, ஐஸ்கிரீமுக்கு நிற்கிறது. முதல் வருடம் இதைப் பார்த்து இவர்களுக்குப் பைத்தியம் என்று நினைத்தேன். இரண்டாம் வருடம் நானும் நின்றேன்.

அந்த வரிசையில் நிற்கும்போது ஒரு கணக்கு மனதில் ஓடியது. 1951இல் கனடா போட்ட உடன்பாட்டின்படி வருடத்துக்கு இந்தியாவிலிருந்து 150 பேர், பாகிஸ்தானிலிருந்து 100 பேர், இலங்கையிலிருந்து 50 பேர்தான் குடியேறலாம். வின்னிபெக்குக்கு இல்லை, முழுக் கனடாவுக்கும். இந்த யன்னல் முதல்முதல் திறந்த 1957இலும் எங்கள் கணக்கு அந்த 50தான். அன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களே ஐம்பதுக்குக் குறையாது. ஆச்சியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, தன் தகப்பன் பெயரை வேலையிடத்தில் வெள்ளைக்காரர் உச்சரிக்க ஏலாமல் வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டதைச் சொன்னார். அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

சேவைகள் பற்றியும் கொஞ்சம். சப்பாத்துத் தைக்கிற பழைய கடை ஒன்றில் என் பனிச் சப்பாத்தைக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் அலைந்தேன். கையில் தந்த துண்டைத் தொலைத்தது நான், ஆனால் சப்பாத்தையே தொலைத்தது அவர்கள். பழைய கடை என்றால் எல்லாமே திறம் என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நல்ல விஷயத்துக்கும் ஒன்று: அவசரத்துக்கு ஒரே இலக்கத்தை அழைக்கிற ஏற்பாட்டை வட அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்தது இந்த ஊர்தான். 1959இல், 999 என்று. 1972இல்தான் அது 911 ஆனது. அதற்கு முன்பு பொலிசுக்கு ஓர் இலக்கம், நெருப்பணைக்க வேறோர் இலக்கம். ஆச்சி வீட்டில் இரண்டையும் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்களாம்.

ஆச்சியின் இப்போதைய வீட்டுச் சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. குசினிப் பக்கம், இடுப்பு உயரத்தில், ஒரு பிஸ்கட் பெட்டி அளவுக்கு. வெளியே ஒரு கதவு, உள்ளே ஒரு கதவு, நடுவில் சுவரின் தடிப்புக்கு ஒரு பொந்து. பால் கதவு. பால்காரர் வெளிக்கதவைத் திறந்து போத்தலை வைத்துவிட்டுப் போவார், வீட்டுக்காரர் உள்ளே இருந்து எடுத்துக்கொள்வார். மைனஸ் 30இல் யாரும் வாசல் கதவைத் திறந்து வீட்டுச் சூட்டை வெளியே விடத் தேவையில்லை. எடுக்கப் பிந்தினால் பால் உறைந்து, போத்தல் கழுத்துக்கு மேல் இரண்டு விரல் உயரம் எழும்பி, கடதாசி மூடியைத் தொப்பிபோலத் தலையில் வைத்துக்கொண்டு நிற்குமாம். அந்தத் தொப்பிக்குக் கீழே உள்ள உறைந்த ஆடையைச் சின்ன வயதில் ஆச்சியும் தம்பியும் அடிபட்டுச் சாப்பிடுவார்கள். "அதுதான் எங்கள் ஐஸ்கிரீம்" என்றார். நாளைக்கு எத்தனை போத்தல் வேண்டும் என்பதைத் துண்டில் எழுதி வெறும் போத்தலுக்குள் போட்டுவிட்டால் போதும். பால்காரரின் முகத்தைப் பார்க்காமலே வருடக்கணக்கில் வியாபாரம் நடக்கும்.

எங்கள் தெருவில் இந்தக் கதவுகளை அநேகமானோர் பலகை அடித்து மூடிவிட்டார்கள். ஆச்சி மூடவில்லை. சென்ற தை மாதம் அவருக்குத் தடிமன் என்று கேள்விப்பட்டு, என் மனைவி மட்டன் றோல்ஸ் செய்தாள். மணியை அடித்து அவரை எழுப்பவேண்டாம் என்று, நான்கு றோல்ஸை டப்பாவில் போட்டு பால் கதவுக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தேன். டப்பா கழுவித் துடைத்து அதே இடத்தில் இருந்தது. உள்ளே ஒரு துண்டு. தபால் பிரிவில் பழகிய, சாய்வில்லாத எழுத்து: "மூன்று சாப்பிட்டேன். நாக்கு எரிகிறது. மூக்கு திறந்துவிட்டது. வியாழக்கிழமை ஆறு, மிளகாய் பாதி."