புளோரிடா கவுண்டி நீதிபதி: தேர்தலா, ஆளுநர் நியமனமா?

தகுதி இரண்டுக்கும் ஒன்றே: 40,000 பேருக்கு மேல் உள்ள கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 5 ஆண்டு வழக்கறிஞர் பதிவு வேண்டும்.

தேர்தலில் கட்சிச் சாயம் கிடையாது. பதவி 6 ஆண்டு. அப்பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் 4 சதவீதம் வேட்புக் கட்டணம், அல்லது வாக்காளரில் 1 சதவீதத்தினரின் கையொப்பம். ஆகஸ்ட் வாக்குப்பதிவில் யாரும் பாதி வாக்குக்கு மேல் வாங்காவிட்டால் முதலிருவர் நவம்பரில் மீண்டும் மோதுவர். எதிர்த்து யாரும் நிற்கவில்லையா? வாக்குச்சீட்டில் பெயரே வராது, நேரே பதவிதான்! சறுக்கும் இடம் நன்கொடை: வேட்பாளரே கேட்கக் கூடாது, அவரது பிரசாரக் குழுதான் கேட்கலாம். இத்தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2015இல் உறுதிசெய்தது.

பதவிக்காலத்தின் நடுவே இடம் காலியானால் நியமனம். நீதிபதிப் பெயர்களைப் பரிந்துரைக்கும் 9 பேர் குழு விண்ணப்பங்களைச் சலித்து 3 முதல் 6 பெயர்களை ஆளுநருக்கு அனுப்பும். அவற்றில் ஒருவரை நியமிக்க அவருக்கு 60 நாள் கெடு. பிரசாரச் செலவு மிச்சம் என்று மகிழ வேண்டாம்: குறைந்தது ஓராண்டு கழித்து வரும் தேர்தலில் நின்று வென்றால்தான் நாற்காலி நீடிக்கும்.