டிக்கா டி3எக்ஸ் லைட் .308: நெடுநாள் பயன்பாட்டில் பேரல் பராமரிப்பும் கோளாறு பார்ப்பதும்

வட ஒன்டாரியோவின் வேட்டைப் பருவம் எந்தத் துப்பாக்கியையும் சோதித்துவிடும். அக்டோபரில் மூஸ் தேடிப் போகையில் மழையும் சதுப்பும், நவம்பரில் மான் பருவம் வரும்போது உறைபனி. இரண்டிலும் ஆண்டுக்கணக்கில் புழங்கிய டிக்கா டி3எக்ஸ் லைட், ஸ்டெயின்லெஸ், .308 வின்செஸ்டர் தோட்டா போடும் ரைஃபிளைப் பற்றியது இந்தக் குறிப்பு. வாங்கலாமா என்றால் தாராளமாக வாங்கலாம். மற்றபடி எழுத வேண்டியதெல்லாம் பராமரிப்பைப் பற்றித்தான். ஏனென்றால் "பேரல் போய்விட்டது" என்று சலித்துக்கொண்டு விற்கப்படும் ரைஃபிள்களில் பல பேரல்கள் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. தளர்ந்த திருகு, படிந்த கரி, பழகாத கை விட்ட சுத்தம் செய்யும் கம்பி என்று காரணம் வேறெங்கோ இருக்கும்.

துப்பாக்கியைப் பற்றிச் சுருக்கமாக. பின்லாந்தின் ரீஹிமாக்கி ஊரில் சாக்கோ நிறுவனம் செய்வது. 2016-இல் வந்த டி3எக்ஸ், முந்தைய டி3-இன் குறைகள் சிலவற்றைத் தீர்த்தது. போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையின்) பின்மூடி பிளாஸ்டிக்கிலிருந்து உலோகமானது. பின்னுதைப்பைத் தாங்கும் லக் என்ற சிறு உலோகத் துண்டு அலுமினியத்திலிருந்து எஃகானது. இந்த இரண்டாவது மாற்றம் முக்கியம். பழைய டி3-இல், அதுவும் உதைப்பு அதிகமுள்ள காலிபர்களில், அலுமினிய லக் நசுங்கிப் பள்ளம் விழும். குறி மெல்ல மெல்ல நகரும். பழையது வைத்திருப்பவர்கள் எஃகு லக் வாங்கி மாற்றிக்கொள்ளலாம், சின்னச் செலவுதான். .308-இல் பேரலுக்குள் தோட்டாவைச் சுழலவைக்கும் புரி 11 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 150, 165 கிரெய்ன் (தோட்டா எடையின் அலகு) தோட்டாக்களுக்கு அது போதும். பேரல் மெலிந்தது, எடை குறைவு. காட்டில் நாள் முழுக்கச் சுமக்க வசதி, ஆனால் மூன்று முறை சுட்டாலே கைபொறுக்காத சூடு ஏறிவிடும். குறி சரிபார்க்கும்போது மூன்று வெடி, பிறகு பேரல் ஆறும்வரை பொறுமை. சூடான மெல்லிய பேரலில் நான்காவது, ஐந்தாவது தோட்டா எங்கே விழுந்தது என்று பார்த்து ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) திருகினால் அன்றைய தோட்டாக்கள் வீண்.

பேரல் தேய்வது எப்படி என்று தெரிந்தால் பராமரிப்பில் பாதிக் குழப்பம் தீரும். தேய்மானம் பெரும்பாலும் சேம்பருக்கு (தோட்டா அமரும் அறைக்கு) முன்னால், புரி தொடங்கும் தொண்டைப் பகுதியில்தான் நடக்கிறது. வெடிமருந்தின் வெப்பமும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். போர்ஸ்கோப் (பேரலுக்குள் பார்க்கும் கருவி) விட்டுப் பார்த்தால், கோடையில் வற்றிய கண்மாய்த் தரை போல அந்த இடம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பதறிவிடுவார்கள். பதற வேண்டாம், சில நூறு வெடி கண்ட எல்லாப் பேரலிலும் அது தெரியும். .308 பேரல் வேட்டைக்கு வேண்டிய துல்லியத்தோடு ஏறத்தாழ 5,000 வெடிவரை தாங்கும். வருடத்துக்கு இரண்டு பெட்டி, அதாவது 40 தோட்டா சுடும் வேட்டைக்காரர் தன் வாழ்நாளில் அந்த எல்லையைத் தொடமாட்டார். அவருடைய பேரலைக் கெடுக்கக்கூடியவை துரு, அடைப்பு, தவறான சுத்தம் ஆகிய மூன்றும்தான்.

சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம். முதலில் மேகசினைக் கழற்றி, போல்ட்டை உருவி, சேம்பர் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. கையில் நைட்ரைல் உறை, சன்னல் திறந்திருக்கட்டும். கரியில் ஈயம் இருக்கிறது, கரைப்பான்களின் ஆவியும் நல்லதல்ல.

கம்பி ஒரே துண்டாக, பிளாஸ்டிக் பூச்சுடன் இருக்க வேண்டும். மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினியக் கம்பியின் மூட்டுகள் புரியின் விளிம்பில் உரசும், மிருதுவான அலுமினியத்தில் மணலும் கரியும் பதிந்து அரம்போல் வேலை செய்யும். போல்ட் இருந்த இடத்தில் போர் கைடு (கம்பியை நேராக நடத்தும் குழாய்) செருகி, எப்போதும் பின்பக்கத்திலிருந்தே கம்பியை விடுங்கள். கைடு இல்லாவிட்டால் கம்பி வளைந்து தொண்டையில் தேய்க்கும், கரைப்பான் வழிந்து ட்ரிகருக்குள் இறங்கும். துப்பாக்கியின் வாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி தாங்கியில் வைத்தால் அந்த வழிசலும் இல்லை.

கரியும் செம்பும் வெவ்வேறு அழுக்கு, அவற்றுக்கு மருந்தும் வேறு. ஹாப்பிஸ் 9 போன்ற பொதுக் கரைப்பானில் நனைத்த இரண்டு துணித்துண்டுகளை விட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, வெண்கல பிரஷ்ஷைப் பத்து முறை முழுதாகப் போய்வர விடுங்கள். நடுவில் நிறுத்தித் திருப்பினால் மயிர் மடங்கி பிரஷ் சிக்கிக்கொள்ளும். பிறகு துணி கறுப்பின்றி வரும்வரை துடைப்பு. துணித்துண்டு வெளியே வந்ததும் அங்கேயே எடுத்துவிட வேண்டும். அழுக்குத் துணியோடு கம்பியைத் திரும்ப இழுத்தால், பேரலின் வாய்விளிம்பு, அதாவது கிரவுன், நாளடைவில் ஒரு பக்கம் தேயும். தோட்டா கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே மயிரிழை அளவு குறை இருந்தாலும் வாயு ஒருபக்கமாகப் பீறிட்டு தோட்டாவைத் தள்ளிவிடும்.

செம்பை எடுக்க இரண்டு வழி. ஸ்வீட்ஸ் 7.62 போன்ற அம்மோனியாக் கலவை வேகமாகக் கரைக்கும், ஆனால் 15 நிமிடத்துக்கு மேல் பேரலில் விடக் கூடாது. போட்ட பிறகு மறந்துபோய் இரவு முழுக்க விட்டால் எஃகில் குழி விழும். அம்மோனியா இல்லாத போர் டெக் எலிமினேட்டர் போன்றவை மெதுவானவை, மூக்கை எரிப்பதில்லை. வீட்டில் செய்பவர்களுக்கு இரண்டாவதையே சிபாரிசு செய்வேன். துணி நீலமாக வந்தால் செம்பு கரைகிறது என்று பொருள். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு: கம்பி நுனியில் பித்தளை ஜாக் (துணித்துண்டைப் பிடிக்கும் முனை) போட்டிருந்தால் அதுவும் கரைந்து நீலம் காட்டும். பேரல் பளிச்சென்று ஆன பிறகும் நீலம் வந்துகொண்டே இருக்கும், தேய்ப்பவரும் தேய்த்துக்கொண்டே இருப்பார். நிக்கல் பூசிய ஜாக், நைலான் பிரஷ் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது. ஒரு கரைப்பானை முழுக்கத் துடைத்தெடுத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும், பேரலுக்குள் இரண்டைக் கலக்கக் கூடாது.

எத்தனை முறை? நனைந்தால் அன்றே, சுட்டாலும் சுடாவிட்டாலும், ஈரத்தைத் துடைத்து மெல்லிய எண்ணெய்த் துணி ஒன்று விட வேண்டும். கரி எடுப்பது பருவம் முடிந்ததும் ஒருமுறை. செம்பை மட்டும் துல்லியம் குறையும்வரை தொடாதீர்கள். இந்தப் பேரல்களில் அது 80, 100 வெடிக்குப் பிறகுதான் வரும். செம்பு முழுதாக நீக்கிய பேரல், முதல் மூன்று நான்கு வெடிவரை வேறிடத்தில் அடிக்கும், பிறகே பழைய குறிக்கு வரும். ஆகவே வேட்டைக்கு முந்திய இரவில் பேரலைப் பளபளவென்று தேய்த்துவிட்டுப் போவதைப் போன்ற தவறு வேறில்லை. எண்ணெய் விட்டு வைத்திருந்த பேரலில், சுடுவதற்கு முன் இரண்டு உலர்ந்த துணி விட்டு எண்ணெயை எடுத்தாக வேண்டும். சேம்பரும் உலர்ந்திருக்க வேண்டும்: எண்ணெய்ப்பசை இருந்தால் தோட்டாக்கூடு சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, மொத்த உதைப்பையும் போல்ட்டின் மேல் போட்டுவிடும்.

ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். பேரலுக்குப் பயன்படும் 416 வகை, சமையல்பாத்திர எஃகைவிட எளிதில் துரு ஏறும். கை வியர்வையின் உப்பு ஒன்றே போதும். கட்டைக்குள் (பேரலைத் தாங்கி, தோளில் வைக்கும் பகுதிக்குள்) மறைந்திருக்கும் அடிப்பகுதிதான் முதலில் பழுப்பாகும், திருகுகளும் ஸ்பிரிங்குகளும் சாதா எஃகு. மழைநாள் வேட்டைக்குப் பின் கட்டையைக் கழற்றிப் பார்க்காதவர் அந்தத் துருவைப் பார்ப்பதே இல்லை.

இனி குளிர். மைனஸ் 20-இல் இருந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளும் புறமும் வியர்க்கும். மறுநாள் காலை வெளியே கொண்டுபோனதும் அந்த நீர் ட்ரிகருக்குள்ளும் போல்ட்டுக்குள்ளும் உறையும். தோட்டாக்களை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியில், சூடாக்காத அறையிலேயே விடுவது நல்லது. உள்ளே கொண்டுவந்தே ஆக வேண்டுமென்றால் உறையை மூடியபடியே சில மணி நேரம் விட்டு, துப்பாக்கி அறைச்சூட்டுக்கு வந்தபின் திறந்து துடைக்க வேண்டும். பேரல் வாயில் ஒரு துண்டு எலெக்ட்ரிக்கல் டேப் ஒட்டிவிடுங்கள். தோட்டாவுக்கு முன்னால் வரும் காற்றே அதைக் கிழித்துவிடும், குறி மாறாது. டேப் ஒட்டாமல் விழுந்து எழுந்தால், பனி புகுந்ததா என்று தோட்டாவை எடுத்துவிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அடைபட்ட பேரலில் சுட்டால் பேரல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும்.

ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி) விழும் சத்தம் கேட்கிறது, தோட்டா வெடிக்கவில்லை; தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைக்கும் பிரைமரில் மங்கலான சிறு குழி மட்டும். குளிரில் வரும் இந்தக் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் போல்ட்டுக்குள் கெட்டியான எண்ணெய். (வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்காதீர்கள். வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள், தாமதித்து வெடிப்பதுண்டு.) டிக்காவின் போல்ட் கருவியில்லாமல் பிரியும். பின்மூடியைத் திருப்பி ஃபயரிங் பின் தொகுதியை உருவினால் கைப்பிடியும் தனியே வந்துவிடும். எல்லாவற்றையும் கொழுப்பு நீக்கியில் கழுவி, உலர்த்தி, ஃபயரிங் பின்னில் எண்ணெய் இட்டதே தெரியாத அளவுக்குத் துடைத்துப் பூட்டுங்கள். கிரீஸ் வேண்டிய இடம் ஒன்றே: போல்ட்டின் முனையில் பூட்டும் இரண்டு லக்குகளின் பின்முகம், ஒவ்வொன்றிலும் அரை அரிசி மணி அளவு. எஃகும் எஃகும் உரசிப் பிய்ந்துபோகாமல் இருக்க அது அவசியம். ட்ரிகருக்குள் எண்ணெய் அடிக்காதீர்கள். லைட்டர் திரவம் விட்டுக் கழுவி உலரவிட்டால் போதும். அதன் பிறகு காலித் துப்பாக்கியில் ஒரு சோதனை: போல்ட்டை மூடி, சேஃப்டி போட்டு, ட்ரிகரை இழுத்து விடுங்கள். பின் சேஃப்டியை எடுங்கள். அப்போது ஃபயரிங் பின் விழுந்தால் அந்தத் துப்பாக்கி நேராக கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) போக வேண்டும், காட்டுக்கு அல்ல.

குறி திடீரென்று மாறினால் எங்கே தேடுவது? முதலில் திருகுகள். ஸ்கோப் வளையத் திருகுகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அடித்தகட்டுக்கு 20 முதல் 25. கையளவில் இறுக்காமல் டார்க் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள், இந்தப் பட்டியலிலேயே பணத்துக்கு அதிகம் உழைக்கும் கருவி அதுதான். கட்டைத் திருகுகளுக்குக் கையேட்டில் உள்ள அளவு. டிக்காவில் பின்னுதைப்பைத் தாங்கும் அந்த எஃகு லக் கட்டையில் தனியே உட்கார்ந்திருக்கும். பூட்டும்போது அது ரிசீவரின் (போல்ட் ஓடும் உடற்பகுதியின்) அடிப்பள்ளத்தில் சரியாக விழுந்ததா என்று பாருங்கள். பேரல் மேல்நோக்க நிறுத்தி, ரிசீவரைப் பின்னுக்கு அழுத்தியபடி இறுக்கினால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமரும்.

அடுத்தது பேரலுக்கும் கட்டைக்கும் உள்ள இடைவெளி. மடித்த ஒரு தாள் அதற்குள் வாய்ப்பக்கமிருந்து ரிசீவர்வரை தடையின்றி ஓட வேண்டும். ஸ்ப்ரூஸ் மரத்தின் ஊசியிலைகள் அங்கே சேர்ந்து, மழைநீர் இறங்கி, இரவில் உறைந்து கட்டியாகிவிட்டால், பேரல் ஒரு பக்கம் தள்ளப்படும். 100 மீட்டரில் குறி கண்ணுக்குத் தெரியும்படி விலகும். உருகியதும் தானாகச் சரியாகிவிடும் என்பதால் இந்தக் கோளாறு பலரைப் பைத்தியமாக அடித்திருக்கிறது. லைட் மாடலின் பிளாஸ்டிக் முன்கட்டை சற்று வளையும் குணமுள்ளது. பைபாட் (இருகால் தாங்கி) மேல் சாய்ந்து அழுத்தினாலோ ஸ்லிங்கை (தோள்பட்டையை) இறுக்கி இழுத்தாலோ பேரலைத் தொட்டுவிடும். இந்தத் துப்பாக்கியில் எனக்குள்ள உண்மையான குறை இது ஒன்றுதான். மணல்பையில், முன்கட்டையின் நடுப்பகுதியை வைத்துச் சுட்டால் பிரச்சினை வராது.

இவை சரியாக இருந்தால், பழைய பெட்டித் தோட்டாவே போடுகிறோமா என்று பாருங்கள், எடையோ தயாரிப்போ மாறினால் குறியும் மாறும். பிறகு நம்பகமான வேறொரு ஸ்கோப். அதன் பிறகே செம்பு, கிரவுன், தொண்டை. கிரவுனில் ஒரு பஞ்சு இழையை உருட்டிப் பாருங்கள். எங்கே இழை சிக்குகிறதோ அங்கே பிசிர் இருக்கிறது. அதை அரத்தால் தேய்க்கக் கூடாது, கன்ஸ்மித் லேத்தில் புதிதாக வெட்டித் தருவார்.

சுட்ட கூடு தெறிக்காமல் பக்கத்திலேயே சொங்கி விழுந்தால் கூட்டைத் தெறிக்கவிடும் எஜெக்டர் ஊசியின் கீழே பித்தளைத் துகள் சேர்ந்திருக்கும். ஊசியை அழுத்தியபடி இரண்டு துளி கரைப்பான் விட்டு, பலமுறை அழுத்தி விட்டால் துகள் வெளியேறும். கூடு சேம்பரிலேயே பிடித்துக்கொண்டால் கைப்பிடியைச் சுத்தியால் தட்டாதீர்கள். வெடித்த வெற்றுக்கூடு என்பது நிச்சயமானால் மட்டும் வாய்வழியே கம்பிவிட்டு மெல்லத் தட்டலாம். வெடிக்காத தோட்டா சிக்கியிருந்தால் கம்பியைத் தொடவே கூடாது, கன்ஸ்மித் வேலை அது. போல்ட் தூக்கக் கனமாக இருந்து, பிரைமர் தட்டையாகி, கூட்டின் அடியில் பளபளக்கும் வட்டக் குறி விழுந்திருந்தால் அழுத்தம் மிகையாக இருக்கிறது. மிச்சத் தோட்டாக்களை அன்றே ஒதுக்கிவிடுங்கள். வெடிச்சத்தம் மெலிதாகக் கேட்டாலும் நிறுத்த வேண்டும். தோட்டா பேரலின் நடுவில் நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் உயிருக்கே ஆபத்து.

கூட்டின் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே ஒளிரும் வளையம் தெரிந்தால் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தங்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளக்க வேண்டும். .308-க்கு கோ அளவி 1.630 அங்குலம், நோ-கோ 1.634, ஃபீல்ட் 1.638. எஜெக்டரும் ஃபயரிங் பின்னும் கழற்றிய போல்ட், கோ மேல் மூட வேண்டும், நோ-கோ மேல் மூடக் கூடாது. ஃபீல்ட் மேலேயே மூடினால் அந்த ரைஃபிளை அத்தோடு நிறுத்திவிட வேண்டும். வீட்டில் ஒரே மாடல் இரண்டு இருந்தால் போல்ட்கள் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஹெட்ஸ்பேஸ் அந்தந்த ஜோடிக்கே பொருந்தும்.

பருவம் முடிந்ததும் பஞ்சு வைத்த உறையில் போட்டு மூடிவிடாதீர்கள், பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோட்டா இல்லாமல், கனடியச் சட்டப்படி பூட்டிய அலமாரியில், வாய் கீழ்நோக்கி நிறுத்தினால் எண்ணெய் ட்ரிகருக்கும் கட்டைக்கும் இறங்காது. அலமாரிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். சிலிக்கா ஜெல் பைகளை மாதம் ஒருமுறை எடுத்து உலர்த்தி வையுங்கள்.