நாஸ்கார் சாம்பியன்ஷிப்: பல வருடம் பார்த்தவனின் பயன்பாட்டு அனுபவம்

நாஸ்கார் என்பது அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயத் தொடர். ரேட்டிங்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்கு ஐந்தில் நான்கு. அந்த ரேஸ்களை எல்லாம் வைத்து வருடக் கடைசியில் ஒருவரைச் சாம்பியன் என்று அறிவிக்கிறார்களே, அந்த ஏற்பாட்டுக்கு ஒன்றரை. அதிலும் அந்த அரை, முறையை மாற்றுகிறோம் என்று 2026 ஜனவரியில் வந்த அறிவிப்புக்காகப் போட்டது.

அமெரிக்காவில் வட கரோலினாவின் சார்லட் பக்கம் வேலைக்கு வந்தவர்களுக்கு நாஸ்காரைத் தவிர்ப்பது கஷ்டம். அணிகளின் பட்டறைகள் பெரும்பாலும் கான்கார்ட், மூர்ஸ்வில், ஹண்டர்ஸ்வில் என்று இந்த ஊரைச் சுற்றித்தான். நான் பார்க்க ஆரம்பித்தது இந்தச் சாம்பியன்ஷிப்புக்கு ஸ்பான்சரின் பெயரால் 'வின்ஸ்டன் கப்' என்ற பெயர் இருந்த கடைசிக் காலத்தில். ஸ்கேனர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டால் டிரைவரும், கூரை மேல் நின்று வழி சொல்லும் ஸ்பாட்டரும், பிட்டில் (டயர் மாற்றி, எரிபொருள் நிரப்பும் இடம்) இருந்து அணியை நடத்தும் க்ரூ சீஃபும் பேசிக்கொள்வது அப்படியே கேட்கும். முதலில் ஓடுகிறவரின் அலைவரிசையை நான் அதிகம் கேட்டதில்லை, முப்பதாவது இடத்தில் மல்லுக்கட்டுகிறவரின் பேச்சில்தான் சுவாரசியம் இருக்கும்.

அதற்குக் காரணம் அப்போதைய பாயின்ட் முறை. 1975 முதல் 2003 வரை கிட்டத்தட்ட ஒரே கணக்கு: ஜெயித்தவருக்கு 175, இரண்டாவது வந்தவருக்கு 170, அப்படியே படிப்படியாக இறங்கி 43-வது இடத்துக்கு 34. ஒரு லேப் (ஒரு முழுச் சுற்று) முன்னிலை வகித்தால் 5, மற்ற எல்லோரையும் விட அதிக லேப் முன்னிலை வகித்தால் இன்னொரு 5. பிப்ரவரியில் டேடோனாவில் எடுத்த பாயின்ட்டுக்கும் நவம்பரில் எடுத்த பாயின்ட்டுக்கும் ஒரே மதிப்பு.

இதனால் ஒரு கார் சுவரில் மோதி மூக்கு நசுங்கிவிட்டாலும் அதன் கதை அங்கே முடியாது. கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். ரேடியேட்டரை மாற்றி, தொங்குகிற தகரத்தை வெட்டி எறிந்து, கிழிந்த இடத்தில் எல்லாம் டேப்பைச் சுற்றி, ஹூட் (இன்ஜின் மூடி) கூட இல்லாமல் அறுபது எழுபது லேப் பின்தங்கிய நிலையில் அதை மறுபடி வெளியே விடுவார்கள். எதற்கு? 41-வது இடத்திலிருந்து 38-வது இடத்துக்கு ஏறுவதற்கு. இடத்துக்கு மூன்று வீதம் மொத்தம் ஒன்பது பாயின்ட். 1992-ல் ஆலன் குல்விக்கி பில் எலியட்டை முந்திக் கோப்பையை வாங்கியது பத்தே பாயின்ட்டில் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒன்பதின் அருமை புரியும். (அட்லான்டாவில் நடந்த அந்தக் கடைசி ரேஸில் குல்விக்கி 103 லேப் முன்னிலை, எலியட் 102. அந்த அதிக லேப் போனஸ் மட்டும் கைமாறியிருந்தால் இருவரும் சமம், அதிக வெற்றி கணக்கில் கோப்பை எலியட்டுக்குப் போயிருக்கும். பிளேஆஃப் எதுவும் இல்லாமல் தானாக வந்த க்ளைமாக்ஸ்.)

2003-ல் மேட் கென்செத் ஒரே ஒரு ரேஸ் ஜெயித்துச் சாம்பியன் ஆனார், அதே வருடம் ரயன் நியூமன் எட்டு ஜெயித்தும் ஆகவில்லை. சலிப்பு என்றார்கள். 2004-ல் ஸ்பான்சர் மாறியபோது முறையையும் மாற்றிவிட்டார்கள்: 26 ரேஸ் முடிந்ததும் முதல் பத்துப் பேரின் பாயின்ட்டைக் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, மீதி பத்து ரேஸில் முட்டிக்கொள்ளச் சொல்லும் 'சேஸ்'. பிடிக்கவில்லை, ஆனால் பழகிக்கொண்டேன். 2011-ல் டோனி ஸ்டூவர்ட்டும் கார்ல் எட்வர்ட்ஸும் 2,403 பாயின்ட்டில் சமமாக முடித்து, அதிக வெற்றியால் ஸ்டூவர்ட் ஜெயித்தபோது நானும் கத்தத்தான் செய்தேன். அந்தப் பத்து ரேஸுக்கு முன்னால் அந்த வருடம் அவர் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை என்பதை அப்புறம்தான் நினைத்துப் பார்த்தோம்.

உண்மையான சரிவு 2014. முதல் 26 ரேஸில் ஒன்றை ஜெயித்தாலே பெரும்பாலும் நேரே பிளேஆஃபுக்குள், அப்படி 16 பேர், மூன்று ரேஸுக்கு ஒரு முறை நான்கு பேர் வெளியே, மிஞ்சுகிற நால்வரில் கடைசி ரேஸில் யார் முன்னால் முடிக்கிறாரோ அவர் சாம்பியன். வெற்றிக்கு மரியாதை தரும் முறை என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். முதல் வருடமே அதே நியூமன் ஒரு வெற்றியும் இல்லாமல் கடைசி நால்வருக்குள் வந்து, ஹோம்ஸ்டெட்டில் நடந்த கடைசி ரேஸில் இரண்டாவதாக முடித்தார். இன்னும் ஒரே ஒரு இடம், அவ்வளவுதான்.

பிறகு 2017-ல் ரேஸை ஸ்டேஜ் ஸ்டேஜாக, அதாவது பகுதி பகுதியாக, வெட்டினார்கள். கூடவே சத்தமில்லாமல் இன்னொரு விதியும் வந்தது. மோதி உடைந்த காரைப் பிட்டில் ஐந்து நிமிடத்துக்குள் சரி செய்ய வேண்டும், கராஜுக்குப் போனால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. ஸ்கேனரில் நான் கேட்டுக்கொண்டிருந்த உலகமே இதோடு காலி. அந்த வருடம் கான்சஸ் ரேஸில் அடிபட்ட காரைச் சரி செய்ய ஒரு ஆள் கூடுதலாகச் சுவரைத் தாண்டி வந்துவிட்டார் என்று கென்செத்தின் காரை ஓரம் கட்டச் சொன்னார்கள். பிளேஆஃபிலிருந்தும் அதோடு வெளியே. ஒவ்வொரு இடமாகச் சேர்த்து 2003-ல் சாம்பியன் ஆனவருக்கு இப்படி.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். 2020-ல் கெவின் ஹார்விக் ஒன்பது ரேஸ் ஜெயித்தும் கடைசி நால்வரில் இல்லை. 2024-ல் ஜோயி லகானோ முதலில் வெளியேறிவிட்டு, அலெக்ஸ் பௌமனின் கார் எடை குறைவு என்று தகுதி நீக்கம் ஆனதால் உள்ளே வந்து கோப்பையும் வாங்கினார். அந்த வருடம் அவர் முடித்த இடங்களின் சராசரி 17.1. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, கொடுத்த விதியில் மற்றவர்களை விட நன்றாக ஆடுகிறார். 2025-ல் ஃபீனிக்ஸில் நடந்த கடைசி ரேஸில்தான் எனக்கு மனசே விட்டுப்போனது. டென்னி ஹாம்லின் 208 லேப் முன்னிலை. இன்னும் மூன்று லேப் இருக்கும்போது வில்லியம் பைரனின் டயர் போய் மஞ்சள் கொடி, எல்லோரும் மெதுவாக ஓட வேண்டும். ஹாம்லின் நான்கு டயர் மாற்றினார், கைல் லார்சன் இரண்டு. ஓவர்டைமில் (அதன் பிறகு ஓட்டும் கூடுதல் லேப்களில்) லார்சன் மூன்றாவது, ஹாம்லின் ஆறாவது. அன்றைக்கு ஒரு லேப்கூட முன்னிலை வகிக்காத லார்சன் சாம்பியன். ஜெயித்த லார்சனுக்கே அன்றைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சிறந்தவர் ஜெயிப்பதில்லை என்பது எல்லோரும் சொல்லும் குறை. அது விளையாட்டில் சகஜம்தான். எனக்கு வலிப்பது வேறு: ஒரு ரேஸ் ஜெயித்து உள்ளே நுழைந்துவிட்டவருக்கு ஜூன் மாதத்தில் 14-வது வந்தால் என்ன, 22-வது வந்தால் என்ன? அவருக்கே அக்கறை இல்லாதபோது நாலு மணி நேரம் வெயிலில் உட்காரும் எனக்கு எதற்கு?

சரி, இப்போது என்ன. உடைந்த காருக்கான அந்தக் கடிகாரத்தை 2025-லேயே எடுத்துவிட்டார்கள், கராஜுக்குப் போய்த் திரும்பி வரலாம். 2026-ல் 'ஒரு வெற்றி, நேரே உள்ளே' கிடையாது, சுற்றுக்குச் சுற்று வெளியேற்றமும் கிடையாது. 26 ரேஸுக்குப் பிறகு 16 பேர், பத்து ரேஸ், பாயின்ட்டைக் கூட்டிப் பார்த்து முடிவு. பழைய சேஸையேதான் தூசு தட்டி எடுத்திருக்கிறார்கள். 36 ரேஸையும் கூட்டு என்று கேட்ட என்னைப் போன்றவர்களுக்கு இது பாதிக் கிணறு. ஜெயிப்பவருக்கு 55, இரண்டாவதுக்கு 35 என்பதும் எனக்கு ஒட்டவில்லை, இருபது பாயின்ட் இடைவெளி கொஞ்சம் ஓவர்.

2026-ல் கடைசி ரேஸ் மறுபடி ஹோம்ஸ்டெட்டில். அங்கே யாராவது ஒருவர் அறுபது பாயின்ட் முன்னிலையோடு வந்து, பதினைந்தாவது இடத்தில் பத்திரமாக ஓட்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனால் டிவிக்காரர்கள் சப்பென்று இருந்தது என்பார்கள். பார்க்க எனக்குச் சம்மதம்.